மெஹராஜுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வினைச்சொல்

பெரிய கடை வீதியில் என் அண்ணன் ஜெப்ரி எஸ்.டி.டி. பூத் வைத்தபோது அதில் உட்கார ஆள் தேடி அலையவில்லை. வீட்டில் நான் சும்மாதான் இருந்தேன். பத்தொன்பது வயதில் கன்னியாஸ்திரீ ஆகப்போகிறேன் என்று ஸ்பெயின் தேசத்து மடம் ஒன்றுக்குப் போனவள் நான். மூன்று வருஷம் வைத்திருந்துவிட்டு, நெஞ்சில் ஏதோ நிழல் தெரிகிறது என்று எக்ஸ்ரேயைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊர் வந்த ஆறே மாதத்தில் அந்த நிழல் தானாகப் போய்விட்டது. என் பேரில் விழுந்த நிழல் மட்டும் போகவில்லை. சாமியே வேண்டாமென்று அனுப்பிய பெண்ணை எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரன் எடுப்பான்? கரோலின் என்ற பெயரைத் தெருவில் பாதிப் பேர் மறந்து, என்னை 'சிஸ்டர்' என்றே கூப்பிட்டார்கள். கிண்டலாகக் கூப்பிட்டவர்களும் உண்டு, மரியாதையாகக் கூப்பிட்டவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே எரிச்சல்தான்.

மெஹராஜ் மரியாதையாகக் கூப்பிட்டாள். தொண்ணூற்று ஐந்தாம் வருஷம், மே மாதத்து மத்தியான வெயிலில், கையில் ஆறு வயது மகள் நிதாவைப் பிடித்துக்கொண்டு பூத் வாசலில் வந்து நின்றாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். சிஸ்டருக்கு ஸ்பெயின்காரர்கள் பாஷை தெரியும் என்று கோட்டைமேட்டில் யாரோ சொன்னார்களாம். கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தாள். மடித்து மடித்து அதன் ஓரமெல்லாம் கிழிந்திருந்தது.

விஷயம் இதுதான். அவள் கணவன் முகமது ரியாஸ் நாலு வருஷத்துக்கு முன்னால் லாஸ் பால்மாஸ் போனவன். ஸ்பெயினுக்குச் சொந்தமான தீவு அது. அங்கே ஒரு சிந்திக்காரரின் கடிகாரக் கடையில் வேலை. மாதம் தவறாமல் கடுதாசி வரும். போன நவம்பரில் வந்ததுதான் கடைசி. கடை வேலையை விட்டுவிட்டேன், துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறேன், டோன்யா பினோ என்கிற ஒரு அம்மாள் வீட்டில் அறை எடுத்திருக்கிறேன் என்று எழுதி, அந்த வீட்டு விலாசமும் போன் நம்பரும் கொடுத்திருந்தான். அந்த அம்மாளுக்கு ஸ்பானிஷ் தவிர வேறொன்றும் தெரியாது, உயிர் போகிற அவசரமென்றால் மட்டும் கூப்பிடு என்றும் எழுதியிருந்தான். அதற்கப்புறம் ஒரு வரி வரவில்லை. இவள் எழுதிய ஆறு கடுதாசிக்கும் பதில் இல்லை.

அவளுக்கு அத்தாவும் இல்லை, அம்மாவும் இல்லை; மாமனார், மாமியாரும் காலமாகிவிட்டதால் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணன் அப்துல் வஹீது உக்கடத்தில் பூட்டுக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பொறுமை இல்லாதவர். ஓடிப்போனவனுக்காக என் தங்கச்சி எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாள், அவளை விடுவித்துக் கொடுங்கள், வேறு இடத்தில் கட்டிக்கொடுக்கிறேன் என்று ஜமாத்தில் மனுக் கொடுத்துவிட்டார். அஜரத், அதாவது அவர்கள் பள்ளிவாசலின் இமாம், ஆளைப் பற்றி முதலில் விசாரியுங்கள், அவன் எங்கே இருக்கிறான், என்ன நினைக்கிறான் என்று தெரியாமல் முடிவு சொல்ல முடியாது என்று தவணை கொடுத்திருந்தார். மெஹராஜுக்கு விடுதலையும் வேண்டாம், வேறு இடமும் வேண்டாம். ரியாஸ் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

இதற்கென்ன, இப்போதே நம்பரைப் போட்டு நான் பேசிவிடுகிறேன் என்றேன். அவள் அதற்கு ஒப்பவில்லை.

"நானே பேசோணுங்க சிஸ்டர். அந்தம்மா குரலை நான் கேக்கோணும்."

எனக்குப் புரிந்தது. டோன்யா பினோ வாடகை வாங்குகிற வீட்டுச் சொந்தக்காரி மட்டும்தானா, இல்லை வேறு மாதிரியா என்பது அவள் கவலை. ஆறு மாதமாக ராத்தூக்கத்தைக் கெடுத்தது அந்தச் சந்தேகம்தான். கிழவியின் குரலா, குமரியின் குரலா என்று தன் காதால் கேட்டால்தான் அவள் நெஞ்சு ஆறும். அதற்கு நான் இடையில் நின்று மொழிபெயர்த்தால் ஆகாது. சரி, நாலு வாக்கியம் கற்றுக்கொள், கேட்டுவிட்டு வை என்றேன். அவளும் மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை பெரிய கடை வீதியில் ஈ, காக்கை இருக்காது. அதுதான் எங்கள் வகுப்பு நேரம். முதல் நாள், ரியாஸ் இருக்கிறாரா என்று நேராகக் கேட்டுவிடலாமே என்று அவள் சொன்னாள். அப்படிக் கேட்டால் இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லி போனை வைத்துவிடுவார்கள். 'உங்கள் வீட்டில் ரியாஸ் என்று ஒருவர் வாழ்ந்துகொண்டிருந்தார்' என்று ஆரம்பித்தால், ஆமாம், இருந்தார், அப்புறம் இன்னது நடந்தது என்று கதை வரும். ஸ்பானிஷ்காரர்களிடம் கதையைக் கேட்க வேண்டுமென்றால் கதை சொல்கிற காலத்தில்தான் கேட்க வேண்டும். அப்படித்தான் நான் அவளுக்கு 'பிவீர்' என்ற வினையை எடுத்தேன். வாழ்தல் என்று அர்த்தம், குடியிருத்தல் என்றும் அர்த்தம்.

ஸ்பானிஷில் நடந்து முடிந்ததற்கு ஒரு வடிவம். ஒரு நாள், ஒரு தடவை, அத்தோடு சரி. நாள் கணக்காக, வருஷக் கணக்காக நடந்துகொண்டே இருந்ததற்கு இன்னொரு வடிவம். அதற்கு ஆரம்பமும் சொல்ல வேண்டாம், முடிவும் சொல்ல வேண்டாம். மடத்தில் எங்களுக்கு உருளைக்கிழங்குத் தோல் சீவும்போது இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று பேர் கிழங்கு சீவ, ஒருத்தி கத்தியால் மேஜையில் தட்டித் தாளம் போடுவாள். எனக்குத் தெரிந்த ஒரே போதனா முறை அதுதான். நம் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதும் அப்படித்தானே. யோ பிவீயா, நான் வாழ்ந்துகொண்டிருந்தேன். தூ பிவீயாஸ், நீ. எல் பிவீயா, அவர். நொசோத்ரோஸ் பிவீயாமோஸ், நாங்கள். எய்யோஸ் பிவீயான், அவர்கள். மெஹராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். நிதா பூத் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டே தாயோடு சேர்ந்து சொன்னாள். இரண்டே நாளில் அந்தக் குழந்தைக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. தாய்க்கு ஒரு வாரம் ஆயிற்று.

ரியாஸ் என்று பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் மாட்டிக்கொண்டது. கணவன் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை. 'நிதாவோட அத்தா' என்பாள், அல்லது கையால் மேற்குத் திசையைக் காட்டுவாள். பெயரைச் சொல்லாமல் நிதாவுடைய அத்தா எங்கே என்று கேட்டால் அந்த அம்மாளுக்கு என்ன தெரியும் என்று நான் கோபித்தேன். முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு யோசித்தவள், "வேற பாஷைல சொன்னா அது கணக்கில்லீங்களே" என்று தனக்குத்தானே ஒரு சலுகை கொடுத்துக்கொண்டு, "ரியாஸ் பிவீயா" என்றாள். சொல்லிவிட்டு முகமெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் முதல் தடவை.

அப்புறம் பழக்கத்துக்கு வாக்கியம் அமைக்கச் சொன்னேன். நாங்கள் கரும்புக்கடைப் பக்கம் வாழ்ந்துகொண்டிருந்தோம். நாங்கள் ஒரே அறையில் வாழ்ந்துகொண்டிருந்தோம். அவர் என்னோடு வாழ்ந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு கதை சொல்வாள். ஒரே அறையில் மாமியார், மாமனார், இவர்கள் இருவர், நடுவில் ஒரு சேலைத் திரை. இருமல் வந்தால்கூட வெளியே போய் இருமிவிட்டு வருவார்களாம். சொல்லிச் சிரிப்பாள். நானும் ஒரு நாள் சொன்னேன், நான் மடத்தில் வாழ்ந்துகொண்டிருந்தேன் என்று. அதற்குக் கதை என்ன என்று கேட்டாள். கதை ஒன்றும் இல்லை என்றேன். ஊர் திரும்பியதிலிருந்து அந்தப் பாஷையில் நான் வாய் திறந்தது அவளுக்காகத்தான். உள்ளதைச் சொன்னால் எனக்கு அந்த இரண்டு மணி நேரம் பிடித்திருந்தது. அண்ணி விமலாராணி ஏதாவது சாடைப் பேச்சு பேசினாலும் மத்தியானம் வந்துவிடும் என்று பொறுத்துக்கொள்வேன்.

'எங்கே போனார்', 'எப்போது போனார்', 'மெதுவாகச் சொல்லுங்கள்', 'நன்றி' என்று தேவையானதை எல்லாம் நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்; மாதங்களின் பெயரையும் எண்களையும் மட்டும் அவர்கள் எழுத்திலேயே வாசிக்கப் பழக்கினேன். கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. எதிர்முனையிலிருந்து என்ன பதில் வரலாம் என்று ஒரு பட்டியல் போட்டேன். வேலைக்குப் போயிருக்கிறார், வேறு வீட்டுக்குப் போய்விட்டார், ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அடுத்ததை எழுதப் பேனாவை எடுத்தபோது அவள் நோட்டை இழுத்துக்கொண்டாள். நான் எதை எழுதப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த வார்த்தை எனக்கு வேண்டாங்க சிஸ்டர். அதைப் படிச்சு வெச்சா அதுவா வந்து நிக்கும்."

நானும் வற்புறுத்தவில்லை. நம்மில் யார்தான் அந்த வார்த்தையை வீட்டுக்குள் வைத்துச் சொல்வோம்? கேட்டவர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள், இல்லையென்றால் தூ தூ என்று துப்புவார்கள். பட்டியலில் அந்த இடத்தைக் காலியாக விட்டு நோட்டை மூடினேன்.

ஜூன் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நான் பூத்துக்கு வந்தபோது அவள் முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். நல்ல சேலை கட்டி, கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டு வந்திருந்தாள். போனில் யார் அதையெல்லாம் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். நமக்கு மத்தியானம் இரண்டு மணி என்றால் அந்தத் தீவில் காலை ஒன்பதரை. இரண்டு மணிக்கு நம்பரைச் சுழற்றினேன். நாலாவது தடவை மணி அடித்தது. ரிசீவரை அவளிடம் கொடுத்து, கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன்.

அவள் உதடுகள் அசைவது தெரிந்தது. நாங்கள் பழகிய வாக்கியம்தான், வரிசை மாறாமல் வந்தது. பிறகு அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு தடவை தலையாட்டினாள். 'மெதுவாகச் சொல்லுங்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் திரும்பவும் தலையாட்டினாள். பிறகு சிரித்தாள். 'நன்றி' என்று மூன்று தடவை சொல்லி வைத்துவிட்டு வெளியே வந்தாள். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"கெழவிங்க சிஸ்டர். நல்ல கெழட்டுக் குரல். பாவம், என்னோட பேசறப்ப அழுதுட்டாங்க."

அவ்வளவு சந்தோஷத்தில் அவளை நான் பார்த்ததில்லை. கிழவி ஏன் அழ வேண்டும் என்று அவள் யோசிக்கவில்லை. பாசமாக இருந்திருப்பார்கள் போலிருக்கிறது என்றாள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி, புரியாததை அப்படியே காதில் வாங்கி வந்திருக்கிறேன், ஒரு எழுத்து மாறாது, கேளுங்கள் என்றாள். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள்.

"சீ, பிவீயா அக்கீ. முரியோ எல் டோசே தே மார்சோ. சரிங்களா?"

சரிதான். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. மடத்தில் எனக்கு ஒரு வருஷமாகியும் அவ்வளவு சுத்தமாக வரவில்லை. 'ஆமாம், இங்கேதான் வாழ்ந்துகொண்டிருந்தார். மார்ச் பன்னிரண்டாம் தேதி இறந்துபோனார்.'

என் மடியில் நிதா ஏறி உட்கார்ந்திருந்தாள். மெஹராஜ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்சோ என்றால் மார்ச் மாதம்தானே, முரியோ என்றால் என்ன, அந்த வார்த்தை நோட்டில் இல்லையே என்று கேட்டாள்.

நான் சொன்னேன்: "ஊட்டை மாத்திட்டுப் போயிட்டாருன்னு அர்த்தம். மார்ச் மாசத்துல."

இதை இன்றுவரை நான் நியாயப்படுத்திக்கொண்டுதான் இருக்கிறேன். நம் ஊரில் கெட்ட சேதியை நேராகச் சொல்கிற வழக்கம் கிடையாது. செத்துக் கிடப்பவனை 'சீரியஸ், உடனே புறப்படு' என்று தந்தி அடித்து வரவழைக்கிற ஊர் இது. பஸ்ஸில் வருகிறவன் வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவோம். என் அப்பா போனபோது மடத்துக்கும் அப்படித்தான் தந்தி வந்தது. நானும் அதைத்தான் செய்தேன். வெறும் போனில் ஒரு கிழவி சொன்னதை வைத்து ஒருத்தியின் தாலியை, இவர்கள் வழக்கப்படி கருகமணியை, நான் எப்படி அறுப்பது? எழுத்தில் வரட்டும், காகிதம் வந்தால் காகிதம் சொல்லட்டும் என்று எண்ணினேன். அன்று சாயங்காலமே டோன்யா பினோவுக்கு எழுதினேன். இறப்புச் சான்று இருந்தால் என் பேருக்கு அனுப்புங்கள், மனைவிக்கு இன்னும் விஷயம் தெரியாது என்று எழுதினேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பாஷையில் நான் எழுதிய முதல் கடுதாசி. தலையில் பத்தொன்பது ஜூன் என்று மறுநாள் தேதியைப் போட்டு, காலையில் தபாலில் சேர்த்தேன்.

மெஹராஜ் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். ரியாஸ் வேறு வீட்டுக்குப் போயிருக்கிறார், புது விலாசம் தெரியவில்லை, சிஸ்டர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள் என்று. அஜரத் இன்னும் ஒரு மாதம் தவணை கொடுத்தார். அவள் வகுப்பை நிறுத்தவில்லை. ரியாஸ் திரும்பி வந்தால் அவர் பாஷையில் ஒரு வார்த்தை பேசி அசத்த வேண்டுமாம். இன்னொரு வினை சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டாள். தலைவலி என்று ஒரு நாள், கரண்ட் இல்லை என்று ஒரு நாள் தட்டிக் கழித்தேன். அவள் வந்தாலும் நோட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அண்ணியோடு ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டு அவள் எனக்கு ஆறுதல் சொல்வாள்.

ஜூலை இரண்டாம் வாரம் அவிநாசியில் அவள் சின்னம்மா மகளுக்கு நிக்காஹ். போய்விட்டு வந்து கையை விரித்துக் காட்டினாள். முழங்கை வரை மருதாணி. தலையில் இரண்டு முழம் மல்லிகை வைத்து, முன் வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடினாளாம். இத்தனை நாள் யார் வீட்டு விசேஷத்துக்கும் போக மனசு வரவில்லை, இந்தத் தடவைதான் போனேன், நீங்கள் தெம்பு கொடுத்ததால்தான் போனேன் என்றாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. நன்றாகச் சிவந்திருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி ஸ்பெயின் தபால்தலை ஒட்டிய கவர் வந்தது. உள்ளே சான்றின் நகல் ஒன்றும் டோன்யா பினோவின் கடுதாசி ஒன்றும் இருந்தன. ரியாஸ் கையில் பணம் சேர்ந்ததும் ஊருக்கு எழுதுகிறேன் என்று நவம்பரிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாராம். துறைமுகத்தில் கிரேன் கயிறு அறுந்து சரக்குப் பெட்டி மேலே விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரி போகும் முன்பே முடிந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் இருந்த விலாசத்துக்குப் போலீஸ் எழுதியதாம். அது கோட்டைமேட்டில் ரியாஸின் தகப்பனார் வாடகைக்கு இருந்த வீடு, இடித்துக் கடைகட்டி வெகுநாள் ஆகிறது. தமிழில் வந்த கடுதாசிகளை அந்த அம்மாளால் வாசிக்க முடியவில்லை, தேடி யாரும் வராததால் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவர் தொழுகிற பாய் என்னிடம் இருக்கிறது, மடித்து வைத்திருக்கிறேன், என்ன செய்யட்டும் என்று அந்த அம்மாள் கேட்டிருந்தாள்.

அதற்குமேல் மறைக்க எனக்குத் தைரியம் இல்லை. அன்று மத்தியானம் மெஹராஜ் வந்ததும் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. சான்றை வாங்கிப் பார்த்தாள். எழுத்தெல்லாம் தெரியாது, முகமது ரியாஸ் என்ற பெயரும் தேதியும் மட்டும் தெரிந்திருக்கும். நிதாவின் தலையில் கை வைத்தாள். பிறகு சான்றையும் டோன்யா பினோவின் கடுதாசியையும் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன், கூடப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

நாலாம் நாள் அவள் மட்டும் வந்தாள். கையில் வளையல் இல்லை. முழங்கையில் மருதாணி இன்னும் மங்கலாகத் தெரிந்தது. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

புருஷன் இறந்தால் அவர்களில் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். அதை இத்தா என்கிறார்கள். ஒரு மூலையில், வெள்ளையுடுத்தி, யார் கண்ணிலும் படாமல் இருப்பாள். அந்த நாட்களில் அவளிடம் மறுகல்யாணப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது, அண்ணனே ஆனாலும். பக்கத்துத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தும் இந்த விவரம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தாவில் உட்காரத் தயாராகத்தான் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். மாடியறையைக் கழுவி, வெள்ளைச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள். அஜரத் சான்றில் இருந்த தேதியைப் பார்த்து விரல் விட்டு எண்ணியிருக்கிறார். இத்தா என்பது சேதி தெரிந்த நாளிலிருந்து இல்லை, இறந்த நாளிலிருந்து. மார்ச் பன்னிரண்டிலிருந்து நாலு மாதம் பத்து நாள், அவர்களுடைய பிறைக் கணக்குப்படி ஜூலை பதினெட்டோடு முடிந்துவிட்டது. இனி இவள் உட்கார வேண்டியதில்லை. தடை ஏதும் இல்லை.

தடை இல்லை என்றதும் அப்துல் வஹீது சும்மா இருப்பாரா? சத்தியமங்கலத்தில் ஒரு மரக்கடைக்காரர், மனைவியை இழந்தவர், இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அன்று சாயங்காலமே ஆள் அனுப்பிப் பேசி முடித்துவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நிக்காஹ். பெண்குழந்தை இப்போதைக்கு மாமன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். பிறகு டோன்யா பினோவின் கடுதாசியை எடுத்து மேஜையில் வைத்து, ஒரு இடத்தில் விரலை வைத்தாள். முதல் வரியில் 'உங்கள் ஜூன் பத்தொன்பதாம் தேதிக் கடிதம் கிடைத்தது' என்று இருந்தது. ஜூனும் பத்தொன்பதும் அவளுக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

"நான் போன் பேசுன மக்கா நாளுங்களே இது."

ஆமாம், மறுநாள்தான் என்றேன்.

"நான் சொல்லச் சொல்ல உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

காகிதம் வரட்டும் என்று இருந்தேன், உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்று ஏதேதோ உளறினேன். நான் அழுதேன். அவள் அழவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா முப்பது நாளு இருந்துருக்குமுங்க சிஸ்டர். அந்த ரூமுக்குள்ள யாரும் வந்திருக்க மாட்டாங்க. எங்கண்ணன்கூட வர முடியாது. முப்பது நாளு உக்காந்து அவருக்காக அழுதிருப்பேன். எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதானுங்க. அதையும் நீங்க எடுத்துப்போட்டீங்க."

கடுதாசியை என்னிடமே விட்டுவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பூத் வழியாகத்தான் அந்த வாடகைக் கார் போயிற்று. பின் சீட்டில் அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், கையில் புது மருதாணி வைத்திருந்தார்கள்.